திறனும் எடையும்: காரின் ஓட்டத்தை அளக்கும் ஒரு விகிதம்

முன்னுரை

ஒரு காரின் வலிமையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் எஞ்சின் எத்தனை 'சி.சி.' என்று கேட்பர். சற்று விவரம் அறிந்தோர் அதன் குதிரைத்திறன் எவ்வளவு என்று கேட்பர். அந்தத் திறன் எவ்வளவு எடையைச் சுமந்து செல்ல வேண்டியுள்ளது என்று கேட்போர் மிகச் சிலரே. ஆனால், கார் நின்ற நிலையிலிருந்து எவ்வளவு விரைவாகப் புறப்படும், ஏற்றத்தில் எப்படி ஏறும், முன்செல்லும் வண்டியைக் கடக்க எவ்வளவு நேரம் கொள்ளும் என்பனவற்றுக்கெல்லாம் விடை இந்த மூன்றாம் வினாவில்தான் அடங்கியுள்ளது. திறனை எடையால் வகுத்தால் கிடைக்கும் ஈவே 'திறன்–எடை விகிதம்' எனப்படும். இவ்விகிதத்தின் பொருள் யாது, அது எவ்விடத்தில் நமக்கு வழிகாட்டும், எவ்விடத்தில் வழிகாட்டாது என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

திறன் என்பது யாது?

அன்றாட வழக்கில் விசை, ஆற்றல், திறன் ஆகிய மூன்று சொற்களையும் நாம் வேறுபாடின்றி வழங்குகிறோம். இயற்பியல் இவற்றைப் பிரித்துக் காண்கிறது. தள்ளுவதும் இழுப்பதும் விசை. விசை ஒரு பொருளைக் குறிப்பிட்ட தொலைவு நகர்த்தும்போது செய்யப்படுவது வேலை. அவ்வேலையைச் செய்யும் தகுதியே ஆற்றல். வேலை எவ்வளவு விரைவாகச் செய்யப்படுகிறது என்பதே திறன். ஒரு மூட்டை நெல்லை மாடிக்கு ஏற்ற ஒருவர் ஒரு நிமிடமும் மற்றொருவர் இரண்டு நிமிடமும் எடுத்துக்கொண்டால், இருவர் செய்த வேலையும் ஒன்றே. முதலாமவரின் திறன் மட்டும் இரு மடங்காகும்.

நீராவி எஞ்சினைச் செம்மைப்படுத்திய ஜேம்ஸ் வாட், தம் எஞ்சின் எத்தனை குதிரைகளின் பணியைச் செய்யும் என்பதை வாங்குவோருக்கு விளக்க வேண்டியிருந்தது. ஒரு நிமிடத்தில் 33,000 பவுண்டு எடையை ஓர் அடி உயர்த்தும் திறனை ஒரு குதிரைத்திறன் என அவர் வகுத்தார். இன்றைய அலகில் இது ஏறத்தாழ 746 வாட் ஆகும். திறனின் அலகுக்குப் பின்னாளில் அவர் பெயரே சூட்டப்பட்டது.

ஒரே திறன், இரு வேறு எடை

இவ்விகிதத்தை விளக்க, இந்தியச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய இரு கார்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, 1983 டிசம்பரில் வெளிவந்து 2014ஆம் ஆண்டு வரை உற்பத்தியில் இருந்த மாருதி 800. மற்றொன்று, பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடியொற்றி உருவாகி, அதே 2014ஆம் ஆண்டில் உற்பத்தி நிறுத்தப்பட்ட அம்பாசடர். அம்பாசடரில் 1980ஆம் ஆண்டு வெளிவந்த டீசல் வகை இங்கு நமக்கு மிகவும் பொருத்தமானது.

மாருதியின் பெட்ரோல் எஞ்சின் 796 சி.சி. அளவினது. அம்பாசடரின் டீசல் எஞ்சினோ 1489 சி.சி.; ஏறத்தாழ இரு மடங்கு. ஆயினும், கார்புரேட்டர் பொருத்திய பழைய மாருதியும் அந்த டீசல் அம்பாசடரும் தந்த திறன் ஏறக்குறைய ஒன்றே. அஃதாவது 37 குதிரைத்திறன். சி.சி. என்பது உருளைகளின் கொள்ளளவே அன்றித் திறனின் அளவன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. மாருதியின் சிறிய எஞ்சின் விரைந்து சுழன்று தன் திறனைத் தந்தது. அக்கால டீசல் எஞ்சின் மெல்லச் சுழன்று அதே திறனைத் தந்தது.

எடையிலோ இவ்விரண்டும் பெரிதும் வேறுபட்டன. மாருதியின் வெற்று எடை ஏறத்தாழ 650 கிலோ. அம்பாசடரின் எடை ஏறத்தாழ 1,150 கிலோ. எனவே, மாருதிக்கு ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 57 குதிரைத்திறனும் அம்பாசடருக்கு ஒரு டன்னுக்கு 32 குதிரைத்திறனும் வாய்த்தன. இரண்டிலும் பூட்டியிருந்த குதிரைகள் 37தாம். ஆனால், ஒவ்வொரு குதிரையும் மாருதியில் 18 கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவும், அம்பாசடரில் 31 கிலோவும் இழுக்க வேண்டியிருந்தது.

புறப்பாட்டின் கணக்கு

ஓடும் பொருள் ஒவ்வொன்றும் இயக்க ஆற்றலைப் பெற்றுள்ளது. நிறையில் பாதியைத் திசைவேகத்தின் இருமடியால் பெருக்கினால் அவ்வாற்றலின் அளவு கிடைக்கும். மணிக்கு 60 கி.மீ. என்பது வினாடிக்கு 16.7 மீட்டர். அந்த வேகத்தை அடைய ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ 139 ஜூல் ஆற்றலை எஞ்சின் வழங்கியாக வேண்டும். இது எந்தக் காருக்கும் பொது.

37 குதிரைத்திறன் என்பது 27.6 கிலோவாட். அது முழுவதும் காரை முடுக்குவதற்குக் கிடைப்பதில்லை. கியர்ப்பெட்டியின் உராய்வு, டயரின் உருளல் தடை, காற்றின் எதிர்ப்பு, கியர் மாற்றும்போது இழக்கும் நேரம் ஆகியவை போக, சராசரியாகப் பாதித் திறனே பயன்படுகிறது என்று கணக்கின் எளிமை கருதிக் கொள்வோம். ஓட்டுநரின் எடை 65 கிலோ எனில், மாருதியின் மொத்த நிறை 715 கிலோ. அது 60 கி.மீ. வேகத்தை எட்டச் சற்றேறக்குறைய 7.2 வினாடி ஆகும். அதே ஓட்டுநர் அம்பாசடரில் அமர்ந்தால் மொத்த நிறை 1,215 கிலோ, நேரம் 12.2 வினாடி. இவை சாலையில் அளந்த எண்களல்ல, கணக்கின் வழி வந்தவை. ஆயினும் அவை காட்டும் உண்மை உறுதியானது. திறன் மாறாதிருக்க, வேகம் பிடிக்கும் நேரம் எடைக்கு நேர் விகிதத்தில் கூடுகிறது.

இவ்விகிதத்தைக் கூட்டிக்கொண்டே போனால் புறப்படும் நேரமும் முடிவின்றிக் குறையுமோ எனின், குறையாது. எஞ்சின் தரும் விசையைச் சாலைக்குக் கொண்டுசேர்ப்பது டயரே. டயருக்கும் சாலைக்கும் இடையே உராய்வுக் குணகம் 1 எனக் கொண்டால், எவ்வளவு திறன் இருப்பினும் 100 கி.மீ. வேகத்தை 2.8 வினாடிக்குக் குறைந்த நேரத்தில் எட்ட இயலாது. அதற்கு மேற்பட்ட திறன் சக்கரத்தை வீணே சுழலச் செய்யும்.

முறுக்கு விசை பற்றிய ஒரு தெளிவு

டீசல் எஞ்சினுக்கு இழுவை அதிகம் என்று ஓட்டுநர்கள் கூறுவது பொய்யன்று. தண்டினைத் திருகும் விசையையே முறுக்கு விசை என்கிறோம். குறைந்த சுழற்சியிலேயே நல்ல முறுக்கு விசையைத் தருவது டீசலின் இயல்பு. அதனால் அடிக்கடி கியர் மாற்றாமலே சுமையுடன் நிதானமாகச் செல்ல முடிகிறது.

எனினும், முறுக்கு விசையைக் கியர்ப்பெட்டி பெருக்கிக் கொடுக்க வல்லது. திறனை அதனால் பெருக்க இயலாது. சுழற்சியைப் பாதியாக்கினால் முறுக்கு விசை இரட்டிக்கும். அவ்விரண்டின் பெருக்கற்பலனான திறன் மாறாது. கிணற்று நீரை ஒரு பெரிய சாலில் மெல்ல இறைப்பினும், இரு சிறு வாளிகளில் விரைந்து இறைப்பினும் ஒரு நிமிடத்தில் வரும் நீர் ஒன்றாகவே இருத்தல் போன்றது இது. ஆகவே, ஓட்டுவதில் உள்ள எளிமையை முறுக்கு விசையும், ஓட்டத்தின் எல்லையைத் திறனும் வகுக்கின்றன எனலாம்.

ஏற்றத்தில் எடையின் ஆட்சி

சமதளத்தில் ஒரே சீரான வேகத்தில் செல்லும் கார் தன் எடையைப் பெரிதாக உணர்வதில்லை. மலைச்சாலையில் நிலைமை வேறு. அங்கே ஒவ்வொரு கிலோவையும் எஞ்சின் உயரே தூக்கியாக வேண்டும். 12 மீட்டர் சென்றால் 1 மீட்டர் உயரும் ஏற்றத்தில், மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் ஒரு கார் ஏறுவதாகக் கொள்வோம். ஓட்டுநர் உட்பட நால்வரும் 40 கிலோ பெட்டிகளும் ஏறிய மாருதியின் நிறை 950 கிலோ. அதனை உயர்த்துவதற்கு மட்டும் ஏறத்தாழ 10 குதிரைத்திறன் செலவாகும். அதே சுமையேற்றிய அம்பாசடருக்கு ஏறத்தாழ 16 குதிரைத்திறன் வேண்டும். கைவசமுள்ள 37இல் இது ஐந்தில் இரு பங்கிற்கும் மேல்.

மலையில் மற்றொரு குறையும் உண்டு. உயரம் கூடக் கூடக் காற்று அடர்த்தி குறைகிறது. எஞ்சினுக்குள் புகும் உயிர்வளியும் குறைகிறது. டர்போ பொருத்தாத எஞ்சின், ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ பத்து விழுக்காடு திறனை இழக்கும் என்பது பொதுக்கணக்கு. உதகமண்டலம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குச் சென்றடையும் மாருதியின் 37 குதிரைத்திறனில் 30 அளவே எஞ்சும். எடை அப்படியே இருக்க, திறன் தேய்கிறது. விகிதம் இரு முனையிலும் அடிபடுகிறது.

உச்ச வேகம்: விகிதம் செல்லாத இடம்

திறன்–எடை விகிதம் உயர்ந்த காரே மிகுந்த உச்ச வேகத்தில் ஓடும் என்று கருதுவது பலரிடம் காணப்படும் பிழை. மிகு வேகத்தில் காரை எதிர்ப்பது எடையன்று, காற்று. காற்றின் எதிர்விசை வேகத்தின் இருமடியாகவும், அதனை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடியாகவும் வளர்கிறது. ஆதலால், திறனை இரு மடங்காக்கினும் உச்ச வேகம் ஏறத்தாழ 26 விழுக்காடுதான் கூடும்.

இதற்கு நல்ல சான்று புகாட்டி வேரான். 2005இல் வெளிவந்த அக்காரின் திறன் 1,001 மெட்ரிக் குதிரைத்திறன். உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 407 கி.மீ. 2010இல் அதன் சூப்பர் ஸ்போர்ட் வகைக்கு 1,200 குதிரைத்திறன் தரப்பட்டது. திறன் கூடியது 20 விழுக்காடு. மும்மடி விதிப்படி வேகம் 6 விழுக்காடு கூடி 432 கி.மீ. ஆக வேண்டும். அவ்வாண்டில் அது எட்டிய வேகம் 431 கி.மீ. உடலமைப்பிலும் சில மாற்றங்கள் செய்யப்பட்டன என்பதை மறவாமல் நோக்கினும், கணக்கும் சாலையும் ஒத்துப்போவதைக் காண்கிறோம். இருநூறு குதிரைகளைக் கூடுதலாகப் பூட்டிக் கிடைத்தது 24 கி.மீ. மட்டுமே.

எடையைக் குறைத்தல் என்னும் வழி

விகிதத்தை உயர்த்த இரு வழிகள் உள்ளன. ஒன்று, திறனைக் கூட்டுவது. மற்றொன்று, எடையைக் குறைப்பது. முதல் வழியில் ஓர் இடர் உண்டு. பெரிய எஞ்சின் தானே எடை மிக்கது. அதைத் தாங்க வலிய சட்டம், பெரிய பிரேக், அகன்ற டயர், பெரிய எரிபொருள் தொட்டி என ஒன்றை ஒன்று தொடர்ந்து எடை ஏறும். இரண்டாம் வழியில் இச்சங்கிலி எதிர்த்திசையில் இயங்கும். எடை குறைந்தால் சிறிய பிரேக்கும் மெல்லிய அச்சும் போதும். அவற்றால் எடை மேலும் குறையும்.

இவ்வழியைத் தம் வாழ்நாள் கொள்கையாகக் கொண்டவர், பிரிட்டனில் லோட்டஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்த காலின் சாப்மன். 1957இல் அவர் வெளியிட்ட லோட்டஸ் செவன், ஏறத்தாழ 40 குதிரைத்திறனே கொண்ட எளிய ஃபோர்டு எஞ்சினைத் தாங்கி வந்தது. ஆனால், எடையை மிகக் குறைத்துச் செய்யப்பட்டதால் தன்னைவிடப் பெரிய கார்களோடு போட்டியிட்டது. அவர் 1982இல் மறைந்த பின்னரும் அந்நிறுவனம் அவ்வழியை விடவில்லை. 1996இல் வந்த லோட்டஸ் எலிஸ் காரின் அலுமினியச் சட்டத்தின் எடை 68 கிலோ மட்டுமே. காரின் மொத்த எடை ஏறத்தாழ 725 கிலோ. 118 குதிரைத்திறன் கொண்ட ஒரு சாதாரண எஞ்சினால் அது டன்னுக்கு 160க்கும் மேற்பட்ட விகிதத்தைப் பெற்றது. எடை குறைந்த கார் வளைவில் எளிதில் திரும்பும். எரிபொருளையும் டயரையும் சிக்கனமாகச் செலவிடும். திறனைக் கூட்டுவதால் இந்நன்மைகள் கிட்டுவதில்லை.

சுமை ஏறும்போது

இதுவரை கண்டவை உற்பத்தியாளர் கையிலுள்ள செய்திகள். இனி நம் கையிலுள்ளதைக் காண்போம். விளம்பர ஏட்டில் அச்சிடப்படும் விகிதம் வெற்றுக் காருக்கு உரியது. கார் சாலையில் வெறுமனே ஓடுவதில்லை.

முன் சொன்ன நால்வரும் பெட்டிகளும் சேர்ந்து 300 கிலோ. அச்சுமை ஏறியதும் மாருதியின் விகிதம் 57இலிருந்து 39ஆக இறங்குகிறது; இழப்பு 32 விழுக்காடு. அம்பாசடரின் விகிதம் 32இலிருந்து 26ஆகிறது. இழப்பு 21 விழுக்காடு. எடை குறைந்த வண்டியே சுமையால் மிகுதியாகப் பாதிக்கப்படுகிறது என்பது இதனால் விளங்கும். தனியே ஓட்டிப் பழகியவர் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு புறப்படும்போது, அதே பெயரும் அதே நிறமும் கொண்ட வேறொரு காரையே ஓட்டுகிறார்.

இதன் விளைவு எங்கே வெளிப்படும்? இருவழிச் சாலையில் முன்செல்லும் பேருந்தைக் கடக்கும்போது வெளிப்படும். முன் கொண்ட கணக்கின்படி, 60 கி.மீ. வேகத்திலிருந்து 80 கி.மீ. வேகத்தை எட்ட, ஓட்டுநர் மட்டும் உள்ள மாருதிக்கு 5.6 வினாடியும், சுமையேறிய மாருதிக்கு 7.4 வினாடியும் ஆகும். வேறுபாடு இரண்டு வினாடிக்கும் குறைவுதான். ஆனால், அந்நேரத்தில் நம் கார் ஏறத்தாழ 36 மீட்டரும், எதிரே 60 கி.மீ. வேகத்தில் வரும் லாரி 30 மீட்டரும் கடந்திருக்கும். தனியே செல்கையில் போதுமாயிருந்த இடைவெளி, இப்போது 60 மீட்டருக்கு மேல் குறைபடுகிறது. கண்ணும் கையும் பழைய கணக்கையே நினைவில் வைத்திருப்பதுதான் இங்கு ஆபத்து.

மாணவர் பலரும் ஊர்ந்து செல்லும் இரு சக்கர வண்டியில் இது இன்னும் கூர்மையானது. 110 கிலோ எடையும் 7.5 குதிரைத்திறனும் கொண்ட 100 சி.சி. வண்டியை எடுத்துக்கொள்வோம். வெற்று வண்டியின் விகிதம் டன்னுக்கு 68. ஒருவர் அமர்ந்தால் 43. இருவர் அமர்ந்தால் 31. சட்டம் தடுத்தும் மூவர் அமர்ந்தால் 25. மூவரின் எடை வண்டியின் எடையைக் காட்டிலும் மிகுதி. அவ்வண்டிக்குப் புறப்படவும் வலுவில்லை, நிற்கவும் வலுவில்லை.

வண்டியின் வலிமைக்கு ஓர் எல்லை உண்டு என்பதைத் திருவள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் காட்டியுள்ளார். மிக மெல்லிய மயிலிறகேயாயினும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பது 475ஆம் குறளின் கருத்து. அச்சு முறிவது இறுதி நிலை. அதற்கு நெடுமுன்னரே வண்டியின் முடுக்கம் குன்றும், ஏற்றம் தளரும், பிரேக் சோரும் என்பவை இன்றைய இயற்பியல் நமக்கு உணர்த்தும் முன்னெச்சரிக்கைகள்.

நிற்கும் கலை

திறன்–எடை விகிதம் செல்வதைப் பற்றி மட்டுமே பேசும். நிற்பதைப் பற்றி அது ஒன்றும் கூறாது. டயரின் பிடிப்பு நன்றாக இருப்பின், நிற்கத் தேவையான தொலைவு கணக்களவில் எடையைச் சார்ந்ததன்று. உராய்வுக் குணகம் 0.7 எனில், பிரேக் பிடித்த பின் 60 கி.மீ. வேகத்தில் 20 மீட்டரும், 80 கி.மீ. வேகத்தில் 36 மீட்டரும் வேண்டும். ஆனால், ஓட்டத்தின் ஆற்றல் முழுவதையும் பிரேக் வெப்பமாக மாற்றியாக வேண்டும். அவ்வெப்பம் எடைக்கு நேர் விகிதத்தில் கூடும். சூடேறிய பிரேக்கின் பிடி தளரும். அப்போது கணக்கு பொய்த்துவிடும்.

950 கிலோ நிறையுள்ள கார் மலையிலிருந்து ஆயிரம் மீட்டர் இறங்கும்போது விடுவிக்கும் நிலை ஆற்றல், அக்காரை 60 கி.மீ. வேகத்திலிருந்து எழுபது முறை நிறுத்துவதற்கு ஒப்பாகும். அவ்வளவையும் பிரேக்கின் தலையில் சுமத்தலாகாது. இறங்கும்போது தாழ்ந்த கியரில் வர வேண்டும் என்று முதியோர் சொல்லும் அறிவுரையின் அடிப்படை இதுவே. எஞ்சின் தன் உராய்வாலும் உள்ளிழுக்கும் காற்றாலும் அவ்வாற்றலில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்கிறது.

மின் காரும் இவ்விதியும்

மின்கலத்தால் ஓடும் கார்கள் இவ்விதியை மாற்றிவிட்டன என்று சிலர் கருதுகின்றனர். 2021இல் வெளிவந்த டெஸ்லா மாடல் எஸ் பிளெய்டு 2,100 கிலோவுக்கு மேற்பட்ட எடையும் 1,020 குதிரைத்திறனும் கொண்டது. மின் மோட்டார் நின்ற நிலையிலேயே தன் முறுக்கு விசை முழுவதையும் தருவதால் அது பாய்ந்து புறப்படுகிறது. விகிதத்தின் விதி மாறவில்லை. மிகுந்த எடையை மிகுந்த திறனால் ஈடுசெய்திருக்கிறார்கள், அவ்வளவே. வேகம் குறையும்போது ஆற்றலின் ஒரு பகுதியை மின்கலத்துக்கே திருப்பி அனுப்புவது இவ்வகைக் கார்களின் சிறப்பு. எனினும், ஒரே வேகத்தில் மாருதியைப் போல் மும்மடங்கு இயக்க ஆற்றலை அது தாங்கிச் செல்கிறது. மோதல் நேருமாயின் அந்த ஆற்றலை ஏற்க வேண்டியவர் எதிரே வருபவரும் சாலையைக் கடப்பவருமே.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து நோக்குவோம். கார் புறப்படும் விரைவையும் ஏற்றம் ஏறும் வல்லமையையும் திறன்–எடை விகிதம் ஆள்கிறது. உச்ச வேகத்தைத் திறனும் காற்றும் ஆள்கின்றன. நிற்பதை டயரும் பிரேக்கும் ஆள்கின்றன. ஏட்டில் உள்ள விகிதம் வெற்று வண்டிக்கு உரியது. சாலையில் நம்மைக் காப்பதும் கைவிடுவதும் சுமையேறிய வண்டியின் விகிதமே.

வாங்கிய பின் எஞ்சினின் திறனை நாம் கூட்ட இயலாது. ஏற்றும் சுமையை அளவோடு வைத்துக்கொள்வது நம் கையில் உள்ளது. சுமை மிகும்போது கடப்பதற்கு நீண்ட இடைவெளியும், இறங்குவதற்குத் தாழ்ந்த கியரும், எல்லாவற்றிற்கும் மேலாகச் சற்றுக் கூடுதல் பொறுமையும் தேவை. ஒரு வகுத்தல் கணக்கு இவ்வளவையும் கற்பிக்கிறது. சாவியைக் கையில் எடுக்கும் இளைஞர் ஒவ்வொருவரும், வண்டியில் எத்தனை குதிரைகள் உள்ளன என்பதோடு, அவை இன்று எவ்வளவு சுமக்கின்றன என்றும் எண்ணிப் பார்ப்பாராக.